ரயில் ரோட்டோர நஞ்சையை மனை போடக் கொடுக்கலாமா? டெல்டாவில் 'மெட்ரோ வளர்ச்சி' எங்கே வரும், எங்கே வராது

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கிறேன். மெட்ரோ வந்த பிறகு வடபழனி, ஆலந்தூர் பக்கமெல்லாம் அடுக்குமாடி, கடை, ஆபீஸ் என்று நிறைந்துவிட்டது. எங்கள் சொந்த ஊர் ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் நடுவில். அப்பா பெயரில் ரயில் ரோட்டை ஒட்டி மூன்று மா (ஒரு ஏக்கர்) நஞ்சை இருக்கிறது. "ஸ்டேஷன் பக்கம், சென்னை மாதிரியே இங்கேயும் வரப்போகிறது" என்று சொல்லி, மனைப்பிரிவு போட ஒரு புரோக்கர் கேட்கிறார். கொடுக்கலாமா? டெல்டாவில் அப்படி ஒரு வளர்ச்சி வருமா?

பதில்:

விற்பதும் விற்காததும் உங்கள் குடும்பத்தின் தேவையைப் பொறுத்தது. ஆனால் புரோக்கர் சொல்லும் காரணத்துக்காக விற்காதீர்கள். சென்னையில் நீங்கள் பார்த்தது உங்கள் வயலுக்குப் பக்கத்தில் வராது. டெல்டாவில் அது வரக்கூடிய இடங்கள் சில உண்டு. அவை எதுவும் வயலில் இல்லை, ஊருக்கு நடுவில் இருக்கின்றன. மனை அப்ரூவல் வேலையிலேயே காலம் தள்ளுகிறவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் சென்னைக் கதை. 2015 ஜூனில் கோயம்பேடு–ஆலந்தூர் மெட்ரோ ஓடத் தொடங்கியதும் சுற்றியிருந்த நிலம் விலை ஏறியது என்றால், தண்டவாளம் பக்கத்தில் வந்ததால் மட்டும் ஏறவில்லை. மூன்று விஷயம் ஒன்றாகச் சேர்ந்தது. வண்டி சில நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது, நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டியதில்லை. வீட்டிலிருந்து நடந்தே ஸ்டேஷனுக்குப் போகலாம். அந்த நிலத்தில் மேலே மேலே கட்ட அனுமதியும் அகலமான ரோடும் இருக்கின்றன. ஒன்றிய அரசு 2017-ல் வெளியிட்ட போக்குவரத்து சார்ந்த நகர வளர்ச்சிக் கொள்கையும் ஸ்டேஷனைச் சுற்றி 500 முதல் 800 மீட்டரைத்தான் தாக்கம் உள்ள பகுதி என்று எடுத்துக்கொள்கிறது, அதாவது பத்து நிமிட நடை. அதற்கு வெளியே இருப்பவன் பைக்கை எடுத்துவிடுவான். பைக்கை எடுத்தவனுக்கு ஸ்டேஷன் பக்கம் என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

மேலே கட்டுவது பற்றி ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் 2019 முதல் இருக்கும் பொது கட்டட விதிகளின்படி, உயரமான கட்டடம் என்ற வகைக்குள் வராதவற்றுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி மனையில் 4800 சதுர அடி வரை கட்டலாம். ரோடு 18 மீட்டர் அகலம் இருந்து உயரமான கட்டடமாகப் போனால் 3.25 வரை போகலாம். அதற்கு மேலும் கட்டணம் செலுத்திக் கூடுதல் தளப்பரப்பு (பிரீமியம்) வாங்கலாம். அதுவும் ரோட்டின் அகலத்தைப் பார்த்துத்தான் கிடைக்கும். ஆக, நிலத்தின் மதிப்பைத் தீர்மானிப்பது ஸ்டேஷன் பாதி, முன்னால் இருக்கும் ரோடு பாதி. உங்கள் வயலுக்குப் போகிற பாதை எவ்வளவு அகலம் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இனி வண்டிக்கு வருவோம். மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போவது நூற்றாண்டைக் கடந்த மெயின் லைன். அகலப்பாதை ஆக்கினார்கள், மின்சாரமும் வந்துவிட்டது. ஆனால் இரட்டைப் பாதை பொன்மலையிலிருந்து தஞ்சாவூர் வரைதான். தஞ்சாவூரிலிருந்து விழுப்புரம் வரை இன்னும் ஒற்றைப் பாதை. ஒற்றைப் பாதையில் ஒரு வண்டி ஸ்டேஷனில் நின்று எதிரே வருவதற்கு வழிவிட்டுத்தான் போக வேண்டும். எக்ஸ்பிரஸ் வந்தால் பாசஞ்சர் காத்திருக்கும். இந்த நிலையில் கால் மணிக்கு ஒரு உள்ளூர் வண்டி என்பது நடக்காத காரியம். இரட்டைப் பாதை வந்தாலும் முதல் லாபம் நெடுந்தூர வண்டிகளுக்குத்தான் போகும். நரசிங்கன்பேட்டையில் நிற்கிற வண்டிகளின் எண்ணிக்கை தானாகக் கூடிவிடாது.

ரயில்வேயின் அம்ரித் பாரத் திட்டத்தில் ஸ்டேஷன்களைப் புதுப்பிப்பதைப் பார்த்துச் சிலர் ஏமாறுகிறார்கள். மன்னார்குடி, ஸ்ரீரங்கம் ஸ்டேஷன்கள் 2025 மே மாதம் திறந்துவைக்கப்பட்டன. முகப்பு, லிப்ட், காத்திருப்பு அறை எல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது ரயில்வே காம்பவுண்டுக்குள் நடக்கும் வேலை. வெளியே உள்ள தெருவுக்கு நடைபாதை போடவோ, அங்கே கூடுதல் மாடிக்கு அனுமதி கொடுக்கவோ அந்தத் திட்டத்தில் வழியில்லை.

மெட்ரோ? 2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ திட்டங்களையே ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. 2017 மெட்ரோ கொள்கையில் உள்ள 20 லட்சம் மக்கள்தொகை என்ற அளவுகோலைக் காட்டினார்கள். அது சரியா தவறா என்ற அரசியல் சண்டை தனி. 2011 கணக்கெடுப்பில் திருச்சி மாநகராட்சி 8.47 லட்சம், தஞ்சாவூர் 2.23 லட்சம், கும்பகோணம் 1.40 லட்சம். இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாம்.

ஆனால் ரயிலையும் நிலத்தையும் சேர்த்து யோசிப்பது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டைக்குப் போன பாதை 1894-ல் திறந்தது. அதைப் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு, பணம் நிலத்தின் மீது போட்ட தனி செஸ்ஸிலிருந்து வந்தது. வண்டியை ஓட்டிக்கொடுத்தது தென்னிந்திய ரயில்வே. நெல்லை வெளியே அனுப்பப் பாதை வேண்டும், பாதை வந்தால் நிலத்துக்கு மதிப்பு ஏறும், அதனால் நிலம் வைத்திருப்பவன் பங்கு கொடுக்கட்டும் என்பதுதான் கணக்கு. பின்னால் ஜப்பானில் கோபயாஷி இச்சிசோ என்ற தொழிலதிபர் இதையே தனியார் தொழிலாகச் செய்தார். 1910-ல் ஒசாகாவிலிருந்து கிராமப்புறத்துக்கு ஒரு மின்சார ரயில் போட்டு, பாதையோரத்தில் வீடு கட்டித் தவணையில் விற்று, பாதையின் கோடியில் தக்காரசூக்கா என்ற ஊரில் வெந்நீர்க் குளமும் நாடகக் கொட்டகையும் வைத்து, நகரத்து முனையில் 1929-ல் ஒரு பெரிய அங்காடியும் திறந்தார். வண்டி இரண்டு திசையிலும் நிறைந்து ஓடியது. ஹாங்காங் மெட்ரோ இன்றுவரை ஸ்டேஷனுக்கு மேலே கட்டி விற்ற பணத்தில் பாதை போடுகிறது. இந்தக் கதைகளிலெல்லாம் நிலம் ஏறிய லாபத்தில் ஒரு பங்கு வண்டிக்குத் திரும்பி வருகிறது. நம்மிடம் இப்போது நடப்பதில் லாபம் முழுவதும் மனை போட்டவருக்கு, வண்டிக்கு ஒரு பைசா கிடையாது.

சரி, டெல்டாவின் மெட்ரோ எது? பஸ்தான். கும்பகோணம்–தஞ்சாவூர் இடையே பகலில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன் என்று யாரும் புலம்ப மாட்டார்கள், ஒன்று கிளம்பினால் அடுத்தது நிற்கும். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றான பிறகு கணக்கே மாறிவிட்டது. இரவு ஒன்பது மணி வாக்கில் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடையில் வேலை பார்க்கும் பெண்கள் கடைப் புடவையோடு, கையில் டிபன் பையோடு, கடைசி வண்டிக்கு வேகமாக நடந்து வருவார்கள். கண்டக்டருக்கு முகம் தெரியும், "இன்னும் ரெண்டு பேர் வரணும்ணே" என்று ஒரு பெண் சொன்னால் விசில் கொஞ்சம் தாமதமாகும். அந்தக் கடைசி வண்டி எந்த ஊர் வரை போகிறதோ அதுவரைதான் கும்பகோணத்தின் வேலைச் சந்தை நீள்கிறது. வாடகை வீடு எங்கே கிடைத்தாலும் சரி, ஒன்பதரை வண்டி இல்லாத ஊரில் அவர்கள் குடியிருக்க முடியாது. 'பஸ் வசதி உண்டு' என்று மனை நோட்டீஸில் போட்டிருந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதுதான். பெரும்பாலும் பதில் வராது.

இதை நம் ஊர்கள் பயன்படுத்திக்கொள்கின்றனவா என்றால், நேர்மாறாகப் போகின்றன. திருச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியப் பேருந்து நிலையமும் ஜங்ஷனும் நடந்து போகிற தூரம். பெட்டியை இழுத்துக்கொண்டே ரயிலிலிருந்து பஸ்ஸுக்கு மாறலாம். சுற்றி லாட்ஜ், மெஸ், ஆபீஸ் என்று யாரும் திட்டம் போடாமலே போக்குவரத்தைச் சுற்றி வளர்ந்த ஊர்ப்பகுதி அது. வெளியூர் பஸ்களுக்காக மதுரை ரோட்டில் பஞ்சப்பூரில் கட்டிய ஒருங்கிணைந்த முனையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டு ஜூலையில் இயங்கத் தொடங்கியது. நெரிசலுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பழைய இடம் திணறியது உண்மை. ஆனால் ரயிலும் பஸ்ஸும் பிரிந்துவிட்டன. பஞ்சப்பூரைச் சுற்றி மனை விலை ஏறியதைத்தான் எல்லோரும் வளர்ச்சி என்கிறார்கள். அங்கே நடந்து போய்ப் பஸ் பிடிக்கும் தூரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளும் வேலையும் வந்தால் அதை ஒப்புக்கொள்வேன். தனித்தனி மனையாக விற்று, ஒவ்வொன்றிலும் ஒரு வீடும் ஒரு காரும் நின்றால் அது ரோட்டோர ரியல் எஸ்டேட், அவ்வளவுதான். கோரையாறு பக்கத்திலேயே ஓடுகிறது என்பதையும் மனை வாங்குகிறவர் மறக்கக் கூடாது.

கிளாம்பாக்கத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போது விடியற்காலையில் அங்கே இறங்கியிருப்பீர்கள். 2023 டிசம்பர் கடைசியில் அந்த வெளியூர் பஸ் முனையத்தைத் திறந்தார்கள். ஒரு பக்கம் வண்டலூர், மறுபக்கம் ஊரப்பாக்கம், நடுவில் முனையத்துக்கு எதிரே ரயில் ஓடுகிறது, முனையம் திறந்தபோது ஏறத்தான் ஸ்டேஷன் இல்லை. வண்டி வசதியை முதலில் கொடுத்து முனையத்தைப் பிறகு திறந்திருந்தால் அந்தப் பகுதி வேறு மாதிரி வளர்ந்திருக்கும்.

தஞ்சாவூரும் இதே பாதையில் முன்னாலேயே போன ஊர். புதுப் பேருந்து நிலையம் ஜங்ஷனிலிருந்து நாலைந்து கிலோமீட்டர். ஆனால் தஞ்சாவூருக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. அது டெல்டாவின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. தெற்கிலும் மேற்கிலும் வல்லம் வரை செம்மண் மேடு. மெடிக்கல் காலேஜ் ரோடு, புதுப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஊர் விரிந்தபோது பெரிதாக நஞ்சை அழியவில்லை, தண்ணீரும் நிற்காது. விமானப்படைத் தளம் இருப்பதால் உயரத்துக்கு அங்கங்கே தடை வரும், பெரிய கோயிலைச் சுற்றி 100 மீட்டரில் புதுக் கட்டடமே கூடாது, அதற்கு வெளியே 200 மீட்டருக்குத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். அதையெல்லாம் தாண்டியும் தஞ்சாவூருக்கு விரிய இடம் இருக்கிறது.

கும்பகோணத்துக்கு அந்த இடம் இல்லை. வடக்கே காவேரி, தெற்கே அரசலாறு, எந்தப் பக்கம் போனாலும் வயல். அதனால்தான் டெல்டாவில் மேலே கட்டி நெருக்கமாக வாழ வேண்டிய ஊர் எது என்று கேட்டால் கும்பகோணம் என்பேன். ரயில் நிலையமும் பஸ் ஸ்டாண்டும் அங்கே இன்னும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் உள்ள பகுதியில் கீழே கடை, மேலே மூன்று நான்கு மாடி வாடகை வீடு என்று வந்தால், அந்த ஒன்பது மணிப் பெண்களில் பாதிப் பேருக்குக் கடைசி பஸ்ஸே தேவைப்படாது.

ஏன் வரவில்லை? டெல்டா ஊர்களில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு, சென்னைக்காரர்களுக்குப் புரியவே புரியாது. ஊருக்குள் நல்ல இடத்தில் இருக்கிற மனைகளில் பெரும்பகுதி கோயில் சொத்து, மடத்துச் சொத்து. கட்டடம் நம்முடையது, அடிமனை சாமியுடையது. தரை வாடகை கட்டிக்கொண்டு மூன்று தலைமுறையாக இருப்பார்கள். அடிமனை நம் பெயரில் இல்லாததால் வங்கி அடமானத்துக்கு எடுக்காது, கடன் இல்லாமல் நான்கு மாடி எழும்பாது. 1959 அறநிலையச் சட்டத்தின் 34-ம் பிரிவுப்படி ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கே ஆணையரின் அனுமதி வேண்டும். அந்தச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் கோயில் நிலம் இந்நேரம் கரைந்திருக்கும். ஆனால் கோயிலே நீண்ட காலக் குத்தகையில், நியாயமான வாடகைக்கு, பஸ் ஸ்டாண்டு பக்கத்து மனைகளில் வாடகை வீடுகள் கட்டவிடலாம். நிலம் கோயிலிடமே இருக்கும், வருமானமும் வரும். இதைக் கேட்டால் அதிகாரிகள் சிரிப்பார்கள், மறுக்க மாட்டார்கள், கோப்பும் நகராது. மற்றபடி குறுகலான தெரு, பங்காளிகள் எட்டுப் பேர் கையெழுத்துப் போட வேண்டிய பூர்வீக வீடு, வண்டி நிறுத்த இடம் காட்ட வேண்டிய விதி என்று வழக்கமான தடைகள்.

ஊருக்குள் கட்ட முடியாததால்தான் பணம் வயலைத் தேடி வருகிறது. இப்போது உங்கள் நஞ்சைக்கு வருகிறேன்.

டெல்டாவில் வயல் தனியாக இருப்பதில்லை. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி என்கிற சிறு வாய்க்கால், கன்னியிலிருந்து மடை. மடையில் நுழைந்த தண்ணீர் வயலுக்கு வயல் வழிந்து கடைசியில் வடிகாலில் விழும். நடுவில் ஒரு ஏக்கரை மண் அடித்து மேடேற்றினால் மேலே உள்ளவனுக்குத் தண்ணீர் தேங்கும், கீழே உள்ளவனுக்குத் தண்ணீர் வராது. கும்பகோணம் பக்கம் ஒரு மனைப்பிரிவில் ஐப்பசி மழைக்குப் பிறகு நான் பார்த்தது: தார் ரோடு, மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக் கற்கள், நுழைவாயில் வளைவு, எல்லாம் அழகு. ரோட்டுக்கு அடியில் வாய்க்காலுக்கு விட்டிருந்தது ஒரே ஒரு சிமெண்ட் குழாய், அதிலும் வைக்கோல் அடைத்திருந்தது. மேற்குப் பக்கம் நட்டு இருபது நாள் பயிர் முழங்கால் தண்ணீரில் நின்றது. வீடு கட்டிய இரண்டு பேரும் கிழக்குக் கோடியில் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். களிமண் பூமி, வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். அஸ்திவாரச் செலவு ஒன்றரை மடங்கு ஆகிறது என்று அங்கே கொத்தனார் சொன்னதை நான் நம்புகிறேன்.

'பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆகிவிட்டதே, மனையே போட முடியாதே' என்று உங்கள் அப்பா நினைக்கலாம். பலர் அப்படி நினைக்கிறார்கள். 2020 சட்டம் தடுப்பது துத்தநாக, தாமிர உருக்காலை, தோல் பதனிடுதல், எண்ணெய் எரிவாயு எடுத்தல் போன்ற பட்டியலிட்ட தொழில்களை. குடியிருப்பு மனை அந்தப் பட்டியலில் இல்லை. நஞ்சையைக் காப்பது வேறு சட்டம்: நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவும், அதன் கீழ் 2017-ல் வந்த நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகளும். நஞ்சை என்றால் கோப்பு கலெக்டர் வரை போகும். ஆடுதுறை 36, ஆடுதுறை 43 நெல் ரகங்கள் பிறந்த ஊருக்குப் பக்கத்து மண்ணை 'தரிசு' என்று எழுதிவாங்கப் பார்ப்பார்கள். அந்தத் தாளில் அப்பாவைக் கையெழுத்துப் போடவிடாதீர்கள்.

பணக் கணக்கும் பாருங்கள். மூன்று மா என்பது ஒரு ஏக்கர், 43,560 சதுர அடி. ரோட்டுக்குப் போவது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. 3000 சதுர மீட்டரைத் தாண்டுவதால் ரோடு போக மிச்சத்தில் பத்து சதவீதம் திறந்தவெளிக்கு விட வேண்டும், அல்லது அதன் வழிகாட்டி மதிப்பைக் கட்ட வேண்டும். விற்க மிஞ்சுவது 26,000 சதுர அடி அளவுக்கு வரும். புரோக்கர் சொல்கிற விலையை முழு ஏக்கருக்குப் பெருக்கிப் பார்க்காமல் இதோடு பெருக்கிப் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்பதால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம், அது இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. 'அப்ரூவல் அப்புறம் வாங்கிக்கலாம், ரெகுலரைஸ் பண்ணிடலாம்' என்று சொன்னால், அந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளுக்கானது என்று சொல்லுங்கள்.

வரியில் ஒரு கண்ணி உண்டு. கிராமத்து விவசாய நிலத்தை விவசாய நிலமாகவே விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. நகராட்சி எல்லையிலிருந்து, அதன் மக்கள்தொகையைப் பொறுத்து, 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 10,000 பேருக்கு மேல் உள்ள பேரூராட்சியும் இந்தக் கணக்கில் வரும் என்பதால் ஆடுதுறை எல்லையிலிருந்து அளந்து பாருங்கள். அப்பாவே மனை மாற்றம் வாங்கிப் பிரித்து விற்றால் அந்தச் சலுகை போய்விடும். புரோக்கர் 'கூட்டா போடுவோம், அப்பா பெயரிலேயே அப்ரூவல் வாங்குவோம்' என்று சொல்வதற்குப் பின்னால் சில சமயம் இந்தச் சுமையைத் தள்ளிவிடும் நோக்கமும் இருக்கும். பவர் பத்திரம் எழுதும் முன் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

பணம் தேவைப்பட்டு விற்கத்தான் வேண்டும் என்றால், பக்கத்து வயல்காரரிடம் முதலில் கேளுங்கள். விலை குறைவாக இருக்கும், ஆனால் ஒரே பத்திரத்தில் முடியும், வாய்க்கால் வழக்கும் வராது. கையில் பணம் வைத்திருந்து, போக்குவரத்துப் பக்கம் முதலீடு செய்யும் ஆசை இருந்தால், கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ ஊருக்குள், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், அடிமனையும் சேர்த்துக் கிரயமாகிற ஒரு பழைய வீட்டைத் தேடுங்கள். வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள், நகர நில அளவைப் பதிவேட்டில் உடைமையாளர் பெயரில் கோயிலோ மடமோ இருக்கிறதா என்று பாருங்கள். இப்போதைக்கு, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வயலின் புலப்படத்தை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே எல்லைக்கல்லும் வாய்க்கால் புறம்போக்கும் அதில் எங்கே விழுகின்றன என்று பார்த்த பிறகு புரோக்கரிடம் பேசினால் போதும்.